ஊசிமுனைக் காவல்

பெஞ்சமின் பிராங்க்ளின் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது காற்றாடிதான். 1752-ம் ஆண்டில் இடிமேகத்துக்கு நடுவே காற்றாடி விட்டதும், நனைந்த நூல் வழியாக மேகத்தின் மின்சாரத்தை ஒரு சாவிக்கு இறக்கியதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த கதை. வானத்து இடியை வசப்படுத்தியவனை உலகம் மறப்பதில்லை. ஆனால் அதற்கு ஐந்து வருஷங்களுக்கு முன்பே, 1747-ல், அதே பிராங்க்ளின் லண்டனில் இருந்த பீட்டர் காலின்சன் என்ற நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். மேஜைமேல் நடத்திய சின்னஞ்சிறு சோதனை ஒன்று அதில் வருகிறது. காற்றாடிக் கதையைப் போல் அது பிரசித்தமாகவில்லை. ஆயினும் இன்று உலகத்தில் ஆயிரக்கணக்கான தொழிற்கூடங்கள் தினந்தோறும் நடப்பதற்கு அந்தச் சோதனைதான் துணை நிற்கிறது.

சோதனைக்கு வேண்டிய சாமான்கள் அதிகமில்லை. சுத்தமாகத் துடைத்து உலர்த்திய கண்ணாடிப் புட்டி ஒன்று. அதன் வாயின்மேல் உட்காரும்படி, மூன்று நாலு அங்குலக் குறுக்களவுள்ள இரும்புக் குண்டு ஒன்று. கூரையிலிருந்து மெல்லிய பட்டு நூலில் தொங்கும் கோலிக்குண்டு அளவுத் தக்கை உருண்டை ஒன்று. இரும்புக் குண்டுக்கு மின்சாரம் ஏற்றினால் தக்கை அதை விட்டு விலகி நிற்கும். மொட்டையான இரும்புத் துண்டு ஒன்றை அருகே கொண்டு போனால் ஓர் அங்குல தூரம் வரையில் ஒன்றும் நடக்காது. பிறகு சட்டென்று ஒரு பொறி பறக்கும். கூரான ஊசி ஒன்றை ஆறு எட்டு அங்குலத்துக்கு அப்பால் காட்டினாலோ ஓசையும் இல்லை, பொறியும் இல்லை; தக்கை சாதுவாக வந்து குண்டின்மேல் ஒட்டிக்கொள்ளும். இருட்டில் பார்த்தால் ஊசியின் நுனியில் மின்மினியைப் போல ஓர் ஒளி தெரியும் என்கிறார் பிராங்க்ளின். கூர்முனை மின்சாரத்தை வெளியே வீசும் என்பதை முதலில் கண்டவர் தம் நண்பர் தாமஸ் ஹாப்கின்சன் என்று சொல்லவும் அவர் மறக்கவில்லை.

குண்டில் ஏறிய மின்சாரத்தைப் போக்க வேறு வழிகளும் அந்தக் கடிதத்திலேயே இருக்கின்றன. அதன்மேல் மெல்லிய மணலைச் சலித்துத் தூவலாம். வாயால் மூச்சு விடலாம். விறகுப் புகை காட்டலாம். ஓர் அடி தூரத்தில் மெழுகுவர்த்தியை ஏற்றி வைக்கலாம். சூரிய வெளிச்சத்துக்கு அந்தச் சக்தி இல்லை என்பதையும் அவர் பார்த்து வைத்திருக்கிறார். ஏன் இப்படி நடக்கிறது என்று சொல்ல அந்தக் காலத்தில் யாராலும் முடியாது. ஆனால் செய்கிற வழி தெரிந்துவிட்டது. மூச்சின் ஈரம், நெருப்பின் சுடர், ஊசியின் முனை: பின்னால் வந்த தொழிற்சாலைகள் கையாண்ட முக்கியமான வைத்தியங்கள் மூன்றும் அந்த ஒரு கடிதத்துக்குள் அடங்கிக் கிடந்தன. ஒவ்வொரு வைத்தியத்துக்கும் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதுதான் நான் சொல்லப் போகும் கதை.

முதலில் வியாதியைப் பார்ப்போம். உலர்ந்த தலைமயிரில் சீப்பை நாலு தடவை இழுத்துவிட்டுக் காகிதத் துணுக்கின் பக்கத்தில் பிடித்தால் துணுக்கு தாவி ஒட்டிக்கொள்கிறது அல்லவா? இரண்டு பொருள்கள் தொட்டுப் பிரியும்போது ஒன்றின் மின் அணுக்கள் சில மற்றொன்றில் தங்கிவிடுகின்றன. அவை ஓடுவதற்கு வழி இல்லாவிட்டால் அங்கேயே நிற்கின்றன. நிற்பதனால் அதற்கு நிலைமின்சாரம் என்று பெயர். கிரேக்கர்கள் இதை அம்பர் என்ற மஞ்சள் பிசின் கல்லில் கண்டார்கள். அந்தக் கல்லுக்கு அவர்கள் வைத்திருந்த எலக்ட்ரான் என்ற பெயர்தான் பிற்பாடு எலக்ட்ரிசிட்டி ஆயிற்று. பாரசீகர்கள் அதே கல்லுக்கு வைக்கோல் திருடி என்று பொருள்படும்படி கஹ்ருபா என்று பெயரிட்டார்கள். அரபியர்கள் இன்றைக்கும் மின்சாரத்தைக் கஹ்ரபா என்றே சொல்கிறார்கள். எத்தனை பொருத்தமான பெயர்! தெருவையும் வீட்டையும் விளக்கேற்றி வைக்கும் மகா சக்தி, ஆதியில் வைக்கோல் திருடியாகத்தான் அறிமுகமாயிற்று.

வெகு காலம் வரையில் இந்தத் திருடியால் யாருக்கும் நஷ்டமில்லை. 18-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அது அரண்மனை வேடிக்கையாகக்கூட இருந்தது. பிரான்சு தேசத்தில் நொல்லே என்ற பாதிரியார் 1746-ல் மன்னருடைய முன்னிலையில் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிற்க வைத்து, லெய்டன் ஜாடியிலிருந்து மின்சாரத்தைப் பாய்ச்சினார். 180 பேரும் ஒரே நொடியில் துள்ளினார்கள். மன்னர் களித்தார். வேடிக்கை வினையானது இயந்திரங்கள் வந்த பிறகுதான். தறியில் நூலும், அச்சில் தாளும், சக்கரத்தில் தோல் வாரும் மனிதக் கை செய்ய முடியாத வேகத்தில் ஓட ஆரம்பித்தன. ஓடுகிற ஒவ்வொன்றும் உராய்ந்தது. உராய்ந்த ஒவ்வொன்றும் மின்னேறியது. பஞ்சு இழைகள் ஒன்றையொன்று வெறுத்துச் சிலிர்த்தன. உருளைகளில் போய் ஒட்டிக்கொண்டன. அச்சான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடுக்குக்குள் ஒழுங்காக விழ மறுத்தன.

இதற்கு முதல் வைத்தியம் மூச்சின் ஈரம். ஈரக் காற்றில் பொருள்களின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று படிகிறது. அதன் வழியே மின்சாரம் வழிந்து போய்விடுகிறது. இங்கிலாந்தில் லங்காஷயர் ஜில்லா பருத்தித் தொழிலின் தலைநகரம் ஆனதற்கு அங்கே இயற்கையாக அமைந்த ஈரக் காற்றும் ஒரு காரணம். இயற்கை ஈரம் போதாதபோது முதலாளிகள் தறிக்கூடத்துக்குள் குழாய் போட்டு நீராவியை விட்டார்கள். பாவு நூல் அறாமல் இருக்க வேண்டும் என்பதே இதன் முதல் நோக்கம்; நிலைமின்சாரம் அடங்கியது கூடவே கிடைத்த லாபம்.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, 1865 வரையில் நடந்தது. அங்கிருந்து நல்ல பஞ்சு வருவது நின்று போயிற்று. லங்காஷயர் ஆலைகள் நம் நாட்டுச் சூரத்துப் பஞ்சை வாங்கி ஓட்டின. அது குட்டை இழை. தறியில் அடிக்கடி அறும். அறாமல் இருக்கப் பாவுக்குக் கனமாகக் கஞ்சி போட்டார்கள். கஞ்சியில் சீனக் களிமண்ணைக் கலந்தார்கள். களிமண் கஞ்சி உலர்ந்தால் நூல் விறைக்கும்; ஆகவே இன்னும் ஆவி வேண்டும் என்று குழாயைத் திறந்தார்கள். போர் முடிந்து நல்ல பஞ்சு வந்த பிறகும் களிமண் போகவில்லை. துணிக்குக் கனம் கூட்டும் அந்த வித்தையில் லாபம் இருந்தது.

அந்தக் கூடத்துக்குள் பத்து மணி நேரம் நின்று பாருங்கள். உடம்போடு ஒட்டிய ஈரத் துணி. மூக்கில் களிமண் தூசி. மூச்சில் வெந்நீர் ஆவி. வேலை முடிந்து வெளியே வந்தால் வடக்கத்திக் குளிர். நெசவாளிகள் முறையிட்டார்கள். 1872-ல் டாக்டர் புக்கானன் என்ற அரசாங்க வைத்திய அதிகாரி டாட்மார்டன் என்னும் ஊரின் தறிக்கூடங்களைப் பார்த்து அறிக்கை எழுதினார். அதற்கும் பதினேழு வருஷங்கள் கழித்து, 1889-ல், பருத்தித் துணி ஆலைச் சட்டம் வந்தது. இன்ன வெப்பத்துக்கு இன்ன அளவுக்குமேல் ஈரம் இருக்கக் கூடாது என்று அது வரம்பு கட்டியது. கூடத்தில் ஈரமானி தொங்க வேண்டும், அதைப் பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்றும் விதித்தது.

இந்தக் கடைசி விதியை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கருவியை மாட்டினால் மட்டும் போதாது. தினமும் ஒருவன் அதன் முன்னால் போய் நின்று, கண்ணால் பார்த்து, கையால் எழுத வேண்டும். இந்தக் கதையில் இந்தக் காரியம் திரும்பத் திரும்ப வரும்.

நம் நாட்டுக்கும் இந்தப் பிரச்னை ஆலைகளோடு கூடவே வந்தது. சுதந்தர இந்தியாவின் 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் 15-வது பிரிவு செயற்கை ஈரப்பதத்தைப் பற்றியது. காற்றில் கலப்பதற்கு எடுக்கும் தண்ணீர் பொதுக் குடிநீராகவோ குடிநீர் கிடைக்கும் வேறு ஊற்றினதாகவோ இருக்க வேண்டும். இல்லையேல் நன்றாகச் சுத்தம் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்று அது சொல்லிற்று. ஆலைக்காரர்கள் எந்தத் தண்ணீரை வேண்டுமானாலும் தெளிக்கலாம் என்று விட்டிருந்தால் சாக்கடையும் குட்டையும் தொழிலாளியின் சுவாசப் பைக்குள் போயிருக்கும். கோயமுத்தூரில் ஆலைச் சங்கு கேட்டு எழுந்த குடும்பங்களுக்கு அந்தப் பிரிவின் எண் தெரிந்திராது. அதன் நன்மை அவர்கள் மூச்சில் இருந்தது. அமெரிக்காவில் இதே தேவை வேறொரு பெரிய விஷயத்தையே பெற்றெடுத்தது. 1902-ல் வில்லிஸ் காரியர் என்ற இளம் இஞ்சினீயர் புரூக்ளினில் ஓர் அச்சகத்தின் காற்றில் ஈரத்தை ஒரே அளவில் நிறுத்த ஓர் அமைப்பை வகுத்தார். 1906-ல் நூற்பாலை இஞ்சினீயர் ஸ்டூவர்ட் கிராமர் இந்த மாதிரி ஏற்பாட்டுக்கு ஏர் கண்டிஷனிங் என்று பெயர் வைத்தார். இன்று நாம் சுகத்துக்காக வாங்கும் ஏ.சி. இயந்திரம், தாளுக்காகவும் நூலுக்காகவும் பிறந்தது.

இரண்டாவது வைத்தியம் நெருப்பு. அச்சு இயந்திரத்தில் தாள் வெளியே வரும் இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன எரிவாயுச் சுடர்களை ஏற்றி வைத்தார்கள். பிராங்க்ளினின் மெழுகுவர்த்திதான் அது. சுடருக்கு மேலே தாள் ஓடும்; மின்சாரம் போய்விடும்; மையும் காயும். ஆனால் தாளும் மையும் எண்ணெயும் நிறைந்த கூடத்தில் நெருப்பை வைத்துக்கொண்டு வேலை செய்வது மடியில் கனலைக் கட்டிக்கொள்வது போலத்தான். இயந்திரம் நின்று தாள் சுடர்மேல் தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சுடரும் ஊசியும் ஒரே வேலையை எப்படிச் செய்கின்றன என்பது 19-ம் நூற்றாண்டின் கடைசியில்தான் விளங்கிற்று. 1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். மறு வருஷமே கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சனும் அவருடைய மாணவர் ரூதர்போர்டும் அந்தக் கதிர் பாய்ந்த காற்று மின்சாரத்தைக் கடத்துவதை ஆராய்ந்தார்கள். காற்றின் அணுக்கூட்டங்கள் சில உடைந்து, பாதி நேர்மின்னும் பாதி எதிர்மின்னும் ஏற்றுக்கொண்டு அலைகின்றன. இவற்றுக்கு அயனி என்று பெயர். திரவங்களில் ஓடும் இத்தகைய துகள்களுக்காக பாரடே 1834-லேயே வழக்கில் கொண்டு வந்த சொல் அது. கிரேக்கத்தில் போகிறவன் என்று அர்த்தம். சுடர் காற்றில் அயனிகளை உண்டாக்குகிறது. ஊசியின் கூர்முனையில் மின் அழுத்தம் குவிந்து அதே காரியத்தைச் செய்கிறது. மின்னேறிய பொருள் தனக்கு எதிரான அயனியை இழுத்துக்கொண்டு சாந்தி அடைகிறது.

எர்த் கம்பி ஒன்றைக் கட்டிவிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். உலோகத்துக்குப் போதும்; மனித உடம்புக்கும் போதும். ஈதரும் சைக்ளோபுரோபேனும் மயக்க மருந்தாக இருந்த காலத்தில், ஒரு சின்னப் பொறியால் நோயாளியின் சுவாசத்திலேயே தீப்பிடித்து வெடித்த துயரங்கள் நேர்ந்தன. அதனால் அறுவைக் கூடங்களில் மின்சாரம் கடத்தும் தரையும், அதே குணமுள்ள காலணியும் போட்டு எல்லோரையும் பூமியோடு இணைத்து வைத்தார்கள். தீப்பற்றாத ஹாலோதேன் 1956-ல் புழக்கத்துக்கு வந்த பிறகுதான் அந்தப் பயம் படிப்படியாகக் குறைந்தது. ஆனால் காகிதம், பட்டு, நைலான், பிளாஸ்டிக் ஆகியவற்றின் சங்கதி வேறு. அவற்றின் ஒரு மூலையில் கம்பி கட்டினால் மறு மூலையில் உள்ள மின்சாரம் அசையாது. ஏறிய இடத்திலேயே குந்தியிருக்கும். அதைப் போக்க ஒரே வழி, சுற்றியுள்ள காற்றையே சிறிது நேரம் மின்கடத்தியாக ஆக்குவதுதான்.

இப்படித்தான் ஊசிமுனை தொழிற்கூடத்துக்குள் நுழைந்தது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவில் மெயின் மாகாணத்துப் போர்ட்லண்டைச் சேர்ந்த வில்லியம் சாப்மன், உயர்ந்த அழுத்த மின்சாரம் ஊட்டப்பட்ட கூர்முனைகளை வரிசையாக ஒரு சட்டத்தில் பதித்து, ஓடும் தாளுக்கும் நூலுக்கும் மேலே நிறுத்தினார். நெருப்பில்லாத சுடர் என்று அதைச் சொல்லலாம். மின்சாரமே ஊட்டாமல், பூமியோடு இணைத்த சரிகை நாடாவைத் தாளுக்கு மேலே கட்டும் எளிய வழியும் அச்சகங்களில் பரவியது. சரிகையின் ஆயிரம் நுனிகளும் பிராங்க்ளினின் ஊசிகள்தான்.

ஆனால் ஊசிக்கு வேண்டிய உயர்ந்த அழுத்தமே சில இடங்களில் ஆபத்து. பெயிண்டு, கரைப்பான், பசை ஆகியவற்றின் ஆவி நிறைந்த இடத்தில் அது பொறி கக்கினால் என்ன செய்வது? அங்கேதான் பொலோனியம் வந்து சேர்ந்தது. 1898 ஜூலையில் பாரிஸ் நகரத்தில் மேரி க்யூரியும் பியேர் க்யூரியும் அந்தத் தனிமத்தைக் கண்டார்கள். தேசப்படத்திலிருந்தே அழிக்கப்பட்டிருந்த தம் தாய்நாடு போலந்தின் பெயரை மேரி அதற்குச் சூட்டினார். தாய்நாட்டு ஏக்கத்தில் பிறந்த அந்தப் பெயர், அரை நூற்றாண்டுக்குப் பின் ஆலைகளின் கருவிகளில் ஏறியது. பொலோனியம்-210 ஆல்பா துகள்களை வீசுகிறது. அவை காற்றில் நான்கு சென்டிமீட்டருக்குள் களைத்து விழுந்துவிடும். அதற்குள் ஏராளமான அயனிகளை உண்டாக்கிவிடும். மின்சாரம் வேண்டாம், பொறி இல்லை, ஓசை இல்லை. இசைத்தட்டையும் போட்டோ பிலிமையும் துடைக்கும் சிறு தூரிகைகளில்கூட அதை வைத்து விற்றார்கள். குறை ஒன்றுதான். 138 நாளில் அதன் பலம் பாதியாகிவிடும். ஒரு வருஷத்தில் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே வருஷம் தவறாமல் மாற்றியாக வேண்டும்.

மேனியில் பட்டால் தோலைத் தாண்டாத பொலோனியம், உடம்புக்குள் போனால் யமன். 2006-ல் லண்டனில் அலெக்சாண்டர் லித்வினென்கோ என்ற முன்னாள் ரஷ்ய உளவு அதிகாரி மிகச் சொற்ப அளவில் அதை உட்கொண்டு மாண்டது பத்திரிகை படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். ஆகவே அது உறைக்குள் அடங்கியிருக்கும் வரையில்தான் சேவகன். 1988-ல் அமெரிக்காவில் அந்த உறைதான் கைவிட்டது. தூசி ஊதுவதற்காக ஆலைகளில் உபயோகித்த காற்றுத் துப்பாக்கிகளில், பொலோனியம் அடங்கிய நுண்ணிய மணிகளை ஒட்டி வைத்திருந்தார்கள். அந்த மணிகள் கழன்று தொழிற்கூடங்களில் சிந்தியிருப்பது தெரிய வந்தது. அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு அவற்றைத் திரும்பப் பெற உத்தரவிட்டது. தூசியைப் போக்க வந்த கருவியே தூசியிலும் கொடிய தூசியைத் தூவியிருந்தது. கதிரியக்கக் கருவிகள் அதோடு ஒழிந்துவிடவில்லை. கசிவுச் சோதனை, கணக்கு, கட்டுப்பாடு என்ற கண்காணிப்பில் இன்றும் சில தொழில்களில் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான மேஜைகளுக்கு ஊசிமுனையே திரும்பி வந்தது.

இந்தக் காலத்தில் ஊசிமுனைக்குப் புது வேலை ஒன்று காத்திருந்தது. 1959-ல் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் அட்டல்லாவும் காங்கும் ஒரு புதிய வகை டிரான்சிஸ்டரைச் செய்தார்கள். இன்றைய கணிப்பொறிக்கும் கைபேசிக்கும் அதுதான் செங்கல். அதன் உயிர்நாடி மிக மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று. 100 வோல்ட், சில சமயம் அதிலும் குறைவான அழுத்தம், அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். இதோடு நம் உடம்பை ஒப்பிட்டுப் பாருங்கள். உலர்ந்த காற்றில் கம்பளத்தின்மேல் நடக்கும் மனிதன் 35,000 வோல்ட் வரையில் சுமக்க முடியும் என்று அமெரிக்க ராணுவக் கைநூல் கணக்கிட்டது. ஈரக் காற்றில்கூட 1,500 வோல்ட். ஏறக்குறைய 3,000 வோல்ட்டுக்குக் கீழே பாயும் பொறியை நாம் உணர்வதே இல்லை. லங்காஷயரின் ஈரம் இங்கே உதவாது என்பது இப்போது விளங்கும். தொழிலாளி ஒன்றும் உணராமலே, தொட்ட கையால் ஒரு பொருளைக் கொன்றுவிட முடியும். அதைவிட மோசம், அரைகுறையாகக் காயப்படுத்திவிடவும் முடியும். காயம்பட்டது ஆலைச் சோதனையில் தேறி, ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் வீட்டில் உயிரை விடும்.

ஆகவே தொழிலாளியின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதைப் பூமியோடு இணைத்தார்கள். மின் அதிர்ச்சியிலிருந்து அவரைக் காக்க, நடுவே பத்து லட்சம் ஓம் தடை ஒன்றையும் வைத்தார்கள். பட்டை கட்ட முடியாத பிளாஸ்டிக் தட்டுக்கும் ஒட்டு நாடாவுக்கும் மேஜைமேல் அயனைசர் என்ற கருவியை வைத்தார்கள். பார்வைக்கு அது ஒரு சின்ன மின்விசிறி. விசிறிக்கு முன்னால் வட்டமாகச் சில ஊசிமுனைகள். அவற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தம். நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் சம அளவில் பிறக்க வேண்டும். விசிறி அவற்றை வேலை நடக்கும் இடத்துக்கு ஊத வேண்டும். அயனிகளுக்கு ஆயுள் குறைவு. வழியிலேயே ஒன்றையொன்று சந்தித்து அழிந்துவிடும். ஆகவே கருவியைத் தூரத்தில் வைத்தாலும், குறுக்கே ஒரு பெட்டியை நிறுத்தி வைத்தாலும், காற்று வரும், காவல் வராது.

சம அளவு என்றேனே, அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. எதிர்மின் அயனி இயல்பாகவே சற்று வேகமாக ஓடுவது. அதோடு, உயர் அழுத்தம் உள்ள ஊசிமுனை காற்றிலுள்ள தூசியைத் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. காற்றின் நைட்ரஜனும் ஈரமும் முனையருகே சேர்ந்து அம்மோனியம் நைட்ரேட் என்ற வெள்ளை உப்பாகப் பூக்கின்றன. முனை மழுங்கி, பஞ்சு படர்ந்தாற்போல் ஆகிவிடுகிறது. ஒரு முனை மழுங்கி மற்றொன்று கூராக இருந்தால் ஒரு வகை அயனி குறைந்து மற்றது மிஞ்சுகிறது. மிஞ்சியது சும்மா இருக்குமா? எதிரே உள்ள பொருளின்மேல் ஏறி உட்காருகிறது. மின்சாரத்தைப் போக்க வைத்த கருவி மின்சாரத்தை ஏற்றத் தொடங்குகிறது. வேலியே பயிரை மேய்வது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும். அந்தக் கருவி அப்போதும் விசிறியைச் சுழற்றிக்கொண்டு, பச்சை விளக்கை எரித்துக்கொண்டு, உத்தமன்போல் உட்கார்ந்திருக்கும். பாதிக்கப்பட்ட பொருளும் வாய் திறக்காது.

இதற்குப் பரிகாரம் புதுக் கருவி வாங்குவதில் இல்லை, துடைப்பதில் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் முனைகளை ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். உலர விட வேண்டும். விசிறியின் வடிகட்டியில் அடைத்த தூசியை எடுக்க வேண்டும். தேய்ந்த முனையை மாற்ற வேண்டும். பிறகு அளக்க வேண்டும். அளப்பதற்கு 15 சென்டிமீட்டர் சதுர உலோகத் தகடு ஒன்று உண்டு. அதற்கு 1,000 வோல்ட் ஏற்றி, கருவியின் முன்னால் வைத்து, அது 100 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்கிறார்கள். நேர்மின்னுக்கு ஒரு தடவை, எதிர்மின்னுக்கு ஒரு தடவை. கடைசியில் மின்சாரமே ஏற்றாத தகட்டை முன்னால் நிறுத்தி, கருவி அதை எந்தப் பக்கம் சாய்க்கிறது என்று பார்க்கிறார்கள். 1982-ல் அமெரிக்காவில் தோன்றிய இ.எஸ்.டி. சங்கத்தின் நியமப்படி, இந்தச் சாய்வு எந்தப் பக்கத்திலும் 35 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பார்த்ததைத் தேதி போட்டு எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

லங்காஷயரில் ஈரமானியின் முன் நின்று எழுதியவனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவிக் குழாயைத் திறந்ததும் பிரச்னை தீர்ந்தது என்று ஆலை முதலாளி நினைத்தார். தோலைத் தாண்டாத கதிர் என்றதும் அபாயம் இல்லை என்று நினைத்தார்கள். விசிறி சுழன்றதும் காவல் நடக்கிறது என்று நாம் நினைக்கிறோம். ஒவ்வொரு தடவையும் தவறு ஒரே இடத்தில்தான். வைத்தியத்தை ஒரு தடவை வாங்கி வைக்கும் சாமானாகக் கருதினார்கள்; உண்மையில் அது ஒவ்வொரு நாளும் ஒருவர் செய்ய வேண்டிய வேலை. அந்த வேலை தவறும்போது கெடுதலை முதலில் சுமக்கிறவர் அதை வாங்கியவர் அல்லர். அதன் பக்கத்தில் நிற்கிறவர். களிமண் தூசியை விழுங்கியவர் நெசவாளி. பொலோனியத் துப்பாக்கி இருந்தது தொழிலாளியின் கையில்.

நம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கைபேசித் தொழிற்சாலைகள் வந்து ஆண்டுகள் பல ஆகின்றன. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தும் தொலைதூர ஜில்லாக்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். அவர்களுடைய தொழிலில் மணிக்கட்டுப் பட்டை கட்டுவதும், அது சரியாக இருக்கிறதா என்று சோதித்துவிட்டு உட்காருவதும் அன்றாடம். உலகம் முழுவதும் போய்ச் சேரும் பொருளின் ஆயுள் அந்தச் சில வினாடிக் காரியத்தில் இருக்கிறது. அதற்குச் சில வினாடி கொடுக்காத மேலதிகாரி, உற்பத்திக் கணக்கைக் கூட்டுவதாக நினைத்துக்கொண்டு குறைத்துவிடுகிறார். ஊசியைத் துடைக்க நேரம் ஒதுக்குவதும், துடைப்பவருக்கு ஏன் துடைக்கிறோம் என்று சொல்லிக் கொடுப்பதும், அளந்து பார்த்துக் கருவி கெட்டிருக்கிறது என்று அவர் சொன்னால் வேலையை நிறுத்தும் அதிகாரத்தை அவருக்குக் கொடுப்பதும் கருவியின் விலையோடு சேர்ந்த செலவுகள்.

பிராங்க்ளின் தம் சோதனையைச் சொல்லும்போது, கண்ணாடிப் புட்டி சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதினார். புட்டியில் கையழுக்கோ ஈரமோ இருந்தால் குண்டில் மின்சாரம் நிற்காது. ஊசியின் மகிமையும் தெரியாது. மின்மினி போன்ற அந்த ஒளியை உலகம் பார்த்தது. புட்டியைத் துடைத்து உலர்த்தியவர் யார் என்று கடிதத்தில் இல்லை.